‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லும் பிள்ளைகள்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், ஆற்றங்கரையை ஒட்டி நிற்கிறது அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். அங்கே வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, கோயிலோடு சேர்ந்து இயங்கிய ஒரு பள்ளியையும் மாணவர் விடுதியையும் மருத்துவமனையையும் பற்றிப் பேசுகிறது. விடுதிப் பிள்ளைகளுக்குச் சோறு, படுக்கப் பாய், தலைக்கு எண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கீடு செய்திருக்கிறார்கள். ‘வீரசோழன்’ என்று பெயர் வைத்த மருத்துவமனையில் 15 பேர் படுத்திருக்க இடம் இருந்தது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று ஆட்களும் இருந்தார்கள். படிக்கிற பிள்ளைக்கு முடியாமல் போனால் பார்த்துக்கொள்வது, படிப்புச் சொல்லித்தரும் இடத்தின் பொறுப்பு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள்.

ஆனால், அது வேதமும் இலக்கணமும் பயின்ற பிள்ளைகளுக்கான விடுதி. அந்த வாசலை மிதிக்கும் உரிமை நம் முன்னோருக்கு இருந்ததில்லை. அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா, அம்பேத்கர் என்று வரிசையாகப் பலர் போராடித்தான் பள்ளியும் கல்லூரியும் விடுதியும் நமக்குத் திறந்தன. இன்று உத்திரமேரூர் வட்டத்தின் காலனித் தெருக்களிலிருந்து வாலாஜாபாத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். பல வீடுகளில் அவர்கள்தான் கல்லூரிக்குப் போகும் முதல் தலைமுறை. சேர்த்துக்கொள்வது சட்டமாகிவிட்டது. சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்வதுதான் இன்னும் சரியாக நடக்கவில்லை.

அதன் விலையை ஒவ்வொரு ஆண்டும் தேர்வு முடிவு வரும் காலத்திலும், கல்லூரிக் கட்டணம் கட்டும் காலத்திலும் செய்தித்தாளில் படிக்கிறோம். “நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தான், என்ன ஆச்சுன்னே தெரியல” என்று ஒரு தாய் சொல்வதும் அந்தச் செய்தியில் இருக்கும். அந்தத் தாய் பொய் சொல்லவில்லை. என்ன பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கணக்கில் இல்லாத ஒரு பத்தி

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். அதிகம் பேரை இழந்த மாநிலம் மகாராஷ்டிரம், 1,764 பேர். அடுத்த இடம் தமிழ்நாடு, 1,416 பேர். ஒரு நாளைக்கு ஏறக்குறைய நான்கு பிள்ளைகள். உலக அளவிலும் 15 முதல் 29 வயது வரையிலானவர்களின் இறப்புக்கு மூன்றாவது பெரிய காரணம் தற்கொலைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆணா பெண்ணா, என்ன படிப்பு, என்ன வயது என்று பல பத்திகள் கொண்ட அந்த ஆவணக் காப்பக அறிக்கையில் சாதிக்கு ஒரு பத்தி இல்லை. நாடாளுமன்றத்தில் கேட்டால்தான் கொஞ்சம் தெரியவருகிறது. 2021 டிசம்பரில் நாமக்கல் எம்.பி. ஏ.கே.பி.சின்ராஜ் கேட்ட கேள்விக்கு ஒன்றிய கல்வி அமைச்சர் பதில் அளித்தார். 2014 முதல் 2021 வரை ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றிய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் மட்டும் 122 மாணவர்கள் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். அவர்களில் பட்டியல் சாதியினர் 24 பேர், பழங்குடியினர் 3 பேர், பிற பிற்படுத்தப்பட்டோர் 41 பேர்.

தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. மனச்சோர்வு நோய், கடன், காதல், குடும்பச் சண்டை, மதிப்பெண், அவமானம் எனப் பல சேர்ந்துதான் ஒருவரை நெருக்குகின்றன. சாதி ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்வது சரியாகாது. சாதிக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்வது அதைவிடத் தவறு.

தெரிந்தேதான் இருந்தது

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் ரோஹித் வெமுலா, அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்தவர். பல மாதங்களாக அவருக்கு உதவித்தொகை வரவில்லை. 2015 டிசம்பரில் அவரையும் இன்னும் நான்கு மாணவர்களையும் விடுதியிலிருந்து வெளியேற்ற நிர்வாகம் முடிவு செய்தது. ஜனவரிக் குளிரில் ஐந்து பேரும் வளாகத்துத் திறந்தவெளியில் படுத்தார்கள். அந்த இடத்துக்கு ‘வெலிவாடா’ என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் அதற்குச் சேரி என்று பொருள். 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் இறந்தார். அதற்கு ஒரு மாதம் முன்பே, டிசம்பர் 18 அன்று, துணைவேந்தருக்கு அவர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதில் தலித் மாணவர்களின் சாவைப் பற்றி வெளிப்படையாகவே எழுதியிருந்தார்.

மும்பை நாயர் மருத்துவமனையில் மேற்படிப்பு படித்தவர் டாக்டர் பாயல் தட்வி. தட்வி பில் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர். தன்னைச் சீனியர் மருத்துவர்கள் சாதி சொல்லி அவமதிப்பதாக வீட்டில் சொன்னார். வீட்டார் அதைத் துறையின் கவனத்துக்குக் கொண்டுபோனதாகச் சொல்கிறார்கள். 2019 மே 22 அன்று பாயல் இறந்தார். மூன்று மருத்துவர்கள் மீது வழக்கு பதிவானது. அதே ஆண்டு, ரோஹித்தின் தாய் ராதிகாவும் பாயலின் தாய் அபேதாவும் சேர்ந்து, கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கக் கோரி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

ஒருவர் எழுதினார், ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். இரண்டு இடத்திலும் அறிகுறி ஒளிந்திருக்கவில்லை. அதைக் கேட்டு, உடனே ஏதாவது செய்ய வேண்டியவர்கள்தான் செய்யவில்லை. பெரிய பல்கலைக்கழகத்திலேயே இதுதான் நிலைமை என்றால், ஒரு கிராமத்துப் பிள்ளை சொல்லாமல் சொல்வதைக் கவனிக்க நாம் எவ்வளவு விழிப்போடு இருக்க வேண்டும்!

எதைக் கவனிக்க வேண்டும்?

மனநல மருத்துவர்கள் எல்லோரும் சொல்லும் பொதுவான அறிகுறிகள் சில உண்டு.

பேச்சில்: “நான் இல்லன்னா உங்களுக்குச் செலவு மிச்சம்”, “எல்லாம் முடிஞ்சுபோச்சு”, “தூங்கினா எழுந்திருக்கவே கூடாது”, “இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது” என்பது போன்ற பேச்சு. விளையாட்டாகச் சொன்னாலும், கோபத்தில் சொன்னாலும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாலும் அதைப் பேச்சாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். “சொல்றவன் செய்யமாட்டான்” என்பது தவறான நம்பிக்கை. தற்கொலையால் இறந்தவர்களில் பலர் முன்பே யாரிடமாவது ஏதோ ஒரு விதத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

நடத்தையில்: தூக்கம் கெடுவது அல்லது நாள் முழுக்கப் படுத்தே கிடப்பது. சாப்பாடு குறைவது. கிரிக்கெட், கபடி, பறை, பாட்டு என்று பிடித்துச் செய்ததை விட்டுவிடுவது. நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது. திடீரென்று குடிக்கத் தொடங்குவது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது. பிடித்த பொருட்களை எடுத்து மற்றவருக்குக் கொடுப்பது. நீண்ட நாள் பார்க்காதவர்களுக்குப் போன் போட்டு விடைபெறுவதுபோலப் பேசுவது. பல நாள் கலங்கியிருந்த பிள்ளை, காரணம் எதுவும் தெரியாமல் சட்டென்று அமைதியாகிவிடுவதையும் கவனிக்க வேண்டும். “இப்ப சரியாயிட்டான்” என்று நிம்மதி அடைவதற்கு முன் அவனிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

இவை எல்லா வீட்டுக்கும் பொது. நம் வீடுகளில் மட்டும் வேறு உருவத்தில் வரும் அறிகுறிகளும் இருக்கின்றன. அவை மருத்துவப் புத்தகத்தில் இருக்காது.

பீஸ் கட்டணும், ரெக்கார்டு நோட்டு வாங்கணும் என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, பணம் கேட்பதையே நிறுத்திவிடுகிறான். நிலைமை புரிந்துகொண்டான் என்று நாம் பெருமைப்படுகிறோம். அவன் படிப்பையே கைவிட முடிவு செய்திருக்கலாம். காலையில் பஸ் ஏறுகிறான், கல்லூரிக்குப் போவதில்லை. வாரம் தவறாமல் விடுதியிலிருந்து வந்த பெண் வருவதை நிறுத்துகிறாள். வந்தால், திங்கட்கிழமை திரும்பிப் போக மறுக்கிறாள். வகுப்பு நண்பர்களைப் பற்றி ஓயாமல் பேசியவள் அவர்கள் பெயரையே எடுப்பதில்லை. “எனக்கெல்லாம் படிப்பு வராதும்மா, நானும் ஒரகடத்துல கம்பெனிக்குப் போறேன்” என்கிறாள். அந்த ‘எனக்கெல்லாம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘உங்களுக்கெல்லாம்’ என்று யாரோ சொன்னது அவள் வாயில் ‘எனக்கெல்லாம்’ ஆகியிருக்கும். “கோட்டாவுல வந்தவங்க”, “சும்மா ஸ்காலர்ஷிப்ல படிக்கிறவங்க” என்று வகுப்பறையில் கேட்டதை நம் பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்வது அரிது. நமக்கு வலிக்கும் என்று மறைத்துவிடுகிறார்கள்.

வேறு சாதியில் ஒருவரை விரும்புகிற பிள்ளைக்கு மிரட்டல் வந்திருக்கலாம். ஒரு பெண்ணின் படத்தை வைத்துக்கொண்டு எவனாவது பணம் கேட்டுக்கொண்டிருக்கலாம். இவற்றை வீட்டில் சொன்னால் அடி விழும், படிப்பு நிறுத்தப்படும் என்ற பயம் இருக்கும்வரை பிள்ளைகள் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் சொல்வார்கள்.

பள்ளிக்கு வராமல் இருப்பதே பெரிய அறிகுறி என்பதை நாங்குநேரி நமக்குச் சொன்னது. 2023 ஆகஸ்டில் அங்கே 12ஆம் வகுப்பு படித்த தலித் மாணவர் ஒருவர், சக மாணவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். வேலைக்குப் போய்விடுகிறேன் என்றார். ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கேட்டது நல்ல காரியம். ஆனால், புகார் கொடுத்த பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை. அன்றிரவே வீடு புகுந்து அவரையும் தங்கையையும் வெட்டினார்கள். இருவரும் பிழைத்தார்கள். மருத்துவமனையிலிருந்து மீண்டு வந்த அந்த மாணவர், 2024 பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார். மருத்துவமும் ஆசிரியர்களும் வீடும் அரசும் சேர்ந்து தோள் கொடுத்தால் எந்தப் பள்ளத்திலிருந்தும் ஒரு பிள்ளை ஏறி வர முடியும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதி அடையாளங்களை ஒழிப்பது பற்றி 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது.

எப்படிக் கேட்பது?

அறிகுறி தெரிந்தால் கேட்க வேண்டும். நேராகவே கேட்க வேண்டும். “சாவைப் பத்திப் பேசினா, இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கின மாதிரி ஆயிடுமே” என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. இது பல நாடுகளில் ஆராய்ந்து உறுதி செய்யப்பட்ட உண்மை. நேராகக் கேட்கும்போது, தனியாகச் சுமந்ததைப் பகிர ஆள் கிடைத்த நிம்மதிதான் அந்தப் பிள்ளைக்கு வரும்.

எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில், வண்டியில் போகும்போது, ஏரிக்கரையில் நடக்கும்போது தனியாகக் கேளுங்கள். “ரெண்டு வாரமா நீ சரியாச் சாப்பிடல, தூங்கல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். என்னம்மா ஆச்சு?” என்று தொடங்கலாம். ‘ஒண்ணுமில்ல’ என்று பதில் வந்தால், “சரி, இப்ப வேணாம். நீ எப்ப சொன்னாலும் கேக்கறேன், திட்டமாட்டேன்” என்று சொல்லிவிட்டு, மறுநாளும் கேளுங்கள். பேச்சில் சாவு வந்தால் தயங்காமல், “செத்துடலாம்னு தோணுதா?” என்று கேளுங்கள். “ஆமா” என்றால் பதறவோ கத்தவோ வேண்டாம். “இதச் சொன்னியே, அதுவே போதும். நாம சேந்து பாத்துக்கலாம்” என்று சொல்லுங்கள்.

பெற்றோரிடம் சொல்ல முடியாததை வேறொருவரிடம் சொல்ல முடியும். ஒரு சித்தப்பா, ஒரு அத்தை, மேல்வகுப்பு படிக்கும் அண்ணன், அங்கன்வாடி அக்கா, டியூசன் எடுக்கும் பெண் என்று யாராவது இருப்பார்கள். அந்தப் பிள்ளை யாரிடம் பேசும் என்று பார்த்து அவரைப் பேசவையுங்கள்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. “நாங்க படாத கஷ்டமா நீ பட்டுட்ட?” கல்குவாரியிலும் கழனியிலும் முதுகு ஒடிய வேலை செய்கிற பெற்றோர் இதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால், அந்தப் பிள்ளை ஏற்கெனவே நம் கஷ்டத்தையும் சேர்த்துத்தான் சுமந்துகொண்டிருக்கிறது. “உன்ன நம்பித்தான் இந்தக் குடும்பமே இருக்கு” என்று நாம் ஆசையாகச் சொல்வதும் இந்த நேரத்தில் பாரம்தான். மார்க் வந்தாலும் வராவிட்டாலும் நீ எங்கள் பிள்ளை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் ஒரு வருடம் வீணாகும் நிலை முன்பு இருந்தது. இப்போது சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம். ரிசல்ட் வரும் நாளுக்கு முன்பே இதை வீட்டில் பேசிவிடுங்கள்.

‘கோழை’ என்ற சொல் வேண்டவே வேண்டாம். அந்தப் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளை, நாளைக்குத் தனக்கு முடியாதபோது யாரிடமும் சொல்லாது.

ஆபத்து நெருக்கத்தில் இருப்பதாகத் தோன்றினால் அந்தப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். கூடவே ஒருவர் இருங்கள், இரவிலும். கழனிக்கு அடிக்கும் மருந்து, வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகள் ஆகியவற்றை வேறு வீட்டில் வைத்துப் பூட்டிவிடுங்கள். கடுமையான அந்த எண்ணம் பெரும்பாலும் அலைபோல வந்து தணியக்கூடியது. அந்த நேரத்தைக் கடத்திவிடுவதே உயிரைக் காப்பதுதான்.

எங்கே போவது?

உடனே பேச ஆள் வேண்டும் என்றால் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் எண் அது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்குகிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசகர்கள் பேசுகிறார்கள். சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா அமைப்பின் எண் 044-24640050. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1098.

போனில் பேசுவது முதல் படிதான். சாப்பாடும் தூக்கமும் கெட்டு வாரங்கள் ஆகியிருந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் எங்கே வருகிறார் என்று அங்கேயும் காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையிலும் கேளுங்கள். திருமுக்கூடலிலிருந்து பாலத்தைத் தாண்டிப் பழையசீவரம் போனால் செங்கல்பட்டுக்கு பஸ். அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டாலும், அந்த மருத்துவமனைக்கு நாம் போகத் தடை எதுவும் இல்லை.

மந்திரிக்கப் போகிறவர்கள் போய்விட்டு வரட்டும். ஆனால், அதோடு நிறுத்திவிடாமல் மருத்துவரையும் பாருங்கள். “மாத்திரை போட்டா அதுக்கே அடிமை ஆயிடுவான்” என்ற பயம் தேவையற்றது. மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் மருந்துகள் போதைப் பொருள் அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நன்றாகிவிட்டது என்று நாமே நிறுத்திவிடக் கூடாது. “வெளியே தெரிஞ்சா பொண்ணுக்குக் கல்யாணம் ஆகாது” என்று தயங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிகிச்சை பற்றிய விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை.

அதே சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இல்லை. எனவே, போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோவதைத் தாமதிக்காதீர்கள். ஒருமுறை முயன்று மீண்ட பிள்ளைக்கு அடுத்த சில மாதங்கள் மிக முக்கியம். வீடு திரும்பியதும் கேள்வி கேட்டுக் குடைய வேண்டாம். மருத்துவர் சொன்ன தேதியில் தவறாமல் அழைத்துப் போங்கள்.

பள்ளியும் கல்லூரியும் செய்ய வேண்டியவை

பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குச் சென்று இறந்த மாணவி தொடர்பான வழக்கில் வந்த தீர்ப்பு அது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி உள்ளிட்ட விளிம்புநிலை மாணவர்களைப் பாகுபாடின்றி அணுகுவதும் அந்தப் பயிற்சியில் அடங்கும். டெலி மனஸ் போன்ற உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். அதே ஆண்டு மார்ச் 24 அன்று, டெல்லி ஐ.ஐ.டி.யில் இறந்த இரண்டு பட்டியல் சாதி மாணவர்களின் பெற்றோர் தொடுத்த வழக்கில், உயர்கல்வி மாணவர்களின் மனநலத்தை ஆராய நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவையும் நீதிமன்றம் அமைத்தது.

உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரியில் ஆலோசகர் யார், எந்த அறையில் இருக்கிறார் என்று அடுத்தமுறை போகும்போது கேளுங்கள். ‘சமூகநீதி விடுதி’ என்று 2025இல் பெயர் மாறிய நம் ஆதிதிராவிடர் நல விடுதிகளின் சுவரில் 14416 எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

நம் பிள்ளைகளுக்கு மனநலம் என்பது பல நேரங்களில் பணமும் மரியாதையும்தான். ஸ்காலர்ஷிப் வராத மாதத்தில் எந்த ஆலோசகர் பேசியும் பயனில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உரிமை. தனியார் சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கட்டணத்தை அரசே ஏற்க 2012ஆம் ஆண்டு அரசாணை 92 இருக்கிறது. அரசுப் பணம் தாமதமானால் அதைக் காட்டி வகுப்பில் எழுப்பி நிற்கவைப்பதும், ஹால் டிக்கெட்டை மறுப்பதும், சான்றிதழைப் பிடித்துவைப்பதும் தவறு. இப்படி நடந்தால் பிள்ளையைத் தனியாகச் சண்டை போட அனுப்பாதீர்கள். பெற்றோரும் தெருவில் விவரம் தெரிந்த ஒருவரும் சேர்ந்து போங்கள். எழுத்தில் கொடுங்கள். தீரவில்லை என்றால், திங்கட்கிழமை காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடமும் மனு கொடுங்கள்.

சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. உதவி எண் 14566. ராகிங் என்றால் 1800-180-5522. படத்தைக் காட்டி மிரட்டினால் 1930. நாங்குநேரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கும்போதே, கொடுத்த பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

தெருவில் செய்யக்கூடியவை

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நம் தெருப் பெற்றோர்களும் உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்தில் ‘ஒரு வாரம் தொடர்ந்து வராத பிள்ளையை யார் போய்ப் பார்க்கிறார்கள்?’ என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். கிராம சபையில் ஆலோசகர் நியமனம் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். அம்பேத்கர் படிப்பகம், இளைஞர் மன்றம், மகளிர் குழு எதுவாக இருந்தாலும் அதன் சுவரில் கீழே உள்ள எண்களைப் பெயின்ட்டால் எழுதிவையுங்கள். ரிசல்ட் வரும் நாளில், மதிப்பெண் குறைந்த பிள்ளைகளின் வீட்டுக்குப் பெரியவர்கள் இரண்டு பேர் போய் வாருங்கள். அதிக மதிப்பெண் எடுத்தவர்களுக்குப் பேனர் கட்டுகிற கைகள் இதையும் செய்யலாம்.

படித்து வேலையில் இருக்கும் அண்ணன், அக்காக்கள் ஊருக்கு வரும்போது சும்மா போய்விடக் கூடாது. தாங்கள் எத்தனை அரியர் வைத்தோம், ஆங்கிலம் புரியாமல் முதல் வருடம் எப்படி இருந்தது, யார் என்ன சொன்னார்கள், அதை எப்படிக் கடந்தோம் என்பதைப் பேச வேண்டும். தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கலாம்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உனக்கு முடியவில்லை என்றால் அது உன் பலவீனம் அல்ல. உடம்புக்குக் காய்ச்சல் வருவதுபோல மனசுக்கும் வரும், அதற்கும் மருந்து இருக்கிறது. உன்னை அவமதித்தவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். ஒருவரிடம் சொல். அவர் சரியாகக் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் சொல். நடுராத்திரி ஆனாலும் 14416இல் ஒருவர் போனை எடுப்பார்.

உதவி எண்கள்

டெலி மனஸ் (நட்புடன் உங்களோடு), 24 மணி நேரம்: 14416
தமிழக அரசு சுகாதார உதவி மையம்: 104
சினேகா, சென்னை: 044-24640050
குழந்தைகள் உதவி எண்: 1098
பள்ளிக் கல்வி உதவி எண்: 14417
பெண்கள் உதவி எண்: 181
வன்கொடுமைத் தடுப்பு உதவி எண்: 14566
ராகிங் தடுப்பு: 1800-180-5522
இணையக் குற்றப் புகார்: 1930
அவசர ஆம்புலன்ஸ்: 108